மெசின் அக்காவின் நோன்பு மாதம்

பெப்ரவரி 3, திங்கள்

டொமினிக்கின் இரத்தச் சீனி இன்று காலை 128. போன மாதத் தொடக்கத்தில் 211. நம்பாமல் இரண்டாம் தரமும் குத்திப் பார்த்தேன். "ஒரு விரல் காணாதோ?" என்று என் மனுசன் கேட்டார். காணாது. இப்படி ஒரு வெற்றி இந்த வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கால் வருகிறது?

மெசின் ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கை அஞ்சலினா அனுப்பியது. ஒரு பெட்டி, இரண்டு பித்தளைக் குழாய், கைக்கு ஒன்று. குழாயில் ஈரத்துணி சுற்றிப் பிடிக்கவேண்டும். எந்த நோய்க்கு எந்த மீடிறன், எந்த அதிர்வெண் என்று கூடவே ஒரு புத்தகம். நோய்க்கு ஓர் இலக்கம் இருக்கிறது, அந்த இலக்கத்தைப் போட்டால் அலை உடம்புக்குள் போய் நோயைப் பிடிக்கும். மற்றவர்களுக்கு இது விளங்க நாள் எடுக்கிறது. எனக்கு எடுக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் இலக்கம் போட்டு இணைப்புக் கொடுத்தவள் நான். யுத்தத்தில் செல் விழுந்த நாட்களிலும் திருகோணமலையைக் கொழும்போடு கதைக்க வைத்தவள். எனக்கா சொல்லித் தரவேண்டும்?

புதுவருடத்தோடு அவருக்கு ஆஸ்பத்திரி கொடுத்த குளிசைகளை நிறுத்தினேன். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. நான் சொன்னால் அவருக்குச் சரி.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின விடுமுறை. மெசின் பிடிக்க வந்த சனத்துக்கு விறாந்தையில் கதிரை காணாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரவே விடவில்லை. ஒருத்திக்குத் தலைச்சுற்று, ஒருத்திக்கு நித்திரை இல்லை, எல்லாரும் என்னைச் சுற்றி. சுவாமியார் கூட ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

பின்னேரம் தம்பலகாமத்தில் இருந்து கஜந்தி என்று ஒரு பிள்ளை, தகப்பனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தது. முழங்கால். எங்கள் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நாலு இடத்தில் இருந்து இருந்து ஏறினாராம். குழாயைப் பிடித்து இருந்துவிட்டு விறாந்தையில் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடந்து காட்டினார். இலேசாக இருக்குதாம். நான் காசு வாங்குவதில்லை. புது நெல்லரிசி ஒரு பை வைத்துவிட்டுப் போனார்கள். பெயர் தெரியாததால் மற்றவர்களிடம் "மெசின் அக்கா வீடு எது?" என்று விசாரித்துத்தான் வந்தார்களாம்.

மெசின் அக்கா. பெருமை பிடிக்காது என்று சொல்கிறவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்கள். எனக்கு நன்றாகப் பிடிக்கும்.

பெப்ரவரி 13, வியாழன்

டொமினிக் காலையும் மாலையும் மலை அடியில் உள்ள றஊப் கடைக்குப் பிளேன்ரீ குடிக்கப் போகிறார். வீட்டில் தேயிலை இல்லையா? கேட்டால், "அங்க குடிச்சாத்தான் அது பிளேன்ரீ" என்கிறார்.

இன்று சவுக்காரம் வாங்கப் போனபோது, அவருடைய சீனி குறைந்த கதையை றஊப்புக்கு விளக்கமாகச் சொன்னேன். அந்த மனுசன் "நல்லம் நல்லம்" என்று சொல்லிவிட்டு, அடுக்கியிருந்த சவுக்காரத்தைத் திரும்பவும் அடுக்கத் தொடங்கினார். எரிச்சல். கடைக்காரருக்கு அடுத்தவர் நன்றாக இருந்தால் பொறுக்காது.

பெப்ரவரி 18, செவ்வாய்

றஊப்பின் ராத்தா, மூத்த சகோதரி பரீதா வந்தா. கடைக்குப் பின்வீட்டில் தம்பி குடும்பத்தோடு, தன் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இருக்கிறவ. புருசன் செத்து மூன்று வருடம். இரண்டு நேரமும் இன்சுலின் ஊசி. நோன்பு பிடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"போன வருஷமும் பித்யா குடுத்துத்தான் சமாளிச்ச, ஐவி அக்கா. இந்த முறை முப்பதும் புடிக்கோணும்."

பித்யா என்பது, நோன்பு பிடிக்க ஏலாதவர்கள் நாளுக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுப்பது. மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறதுதானே என்று கேட்டேன். இருக்குதாம். ஆனாலும் வீட்டில் சின்னதுகள்கூட நோன்போடு இருக்க, தான் மட்டும் சோற்றுக்கோப்பையோடு இருக்கிறது மானம் போகிற வேலையாம். எனக்கு அது நன்றாக விளங்கியது. குழாயைக் கையில் கொடுத்தேன்.

பெப்ரவரி 26, புதன்

பரீதா ஒரு நாளும் தவறவில்லை. ஊசியை நான் நிறுத்தச் சொல்லவில்லை. "நிப்பாட்டிப் பார்க்கட்டா?" என்று அவவாகக் கேட்டா. "டொமினிக்கைப் பாருங்கோ" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

றஊப்புக்குச் சொல்லவேண்டாம், அவன் பயந்தவன் என்றா. ஆகவே டொமினிக்குக்கும் சொல்லவில்லை. அவர் வாய் பிளேன்ரீயோடு சேர்ந்து கடையில் திறந்துவிடும்.

மார்ச் 2, ஞாயிறு

தலை நோன்பு, மாதத்தின் முதல் நாள். பரீதா பிடித்துவிட்டா! டாக்டர் ஏலாது என்றதை இந்த விறாந்தையில் வைத்து நான் ஏலும் என்று காட்டினேன். பின்னேரம் நோன்புக்கஞ்சி ஒரு வாளி வந்தது. டொமினிக் இரண்டு கோப்பை குடித்தார். அஞ்சலினாவுக்கு போன் எடுத்து அரை மணித்தியாலம் கதைத்தேன்.

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன். இன்றிலிருந்து எனக்கு ஒருசந்தி, உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் மத்தியானச் சாப்பாடு இல்லை. கலியாணத்துக்கு முந்தியே தொடங்கியது, ஒரு வருடமும் விட்டதில்லை. கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரியும். நான் ஒளித்ததும் இல்லை.

பரீதா கொஞ்சம் வாடிப்போய்த்தான் இருக்கிறா. நோன்பு துறந்தால் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறாவாம், ஓடி ஓடிச் சலம் போகிறாவாம். புத்தகத்தைப் பார்த்தேன். நஞ்சு வெளியேறும்போது அப்படித்தான் என்று போட்டிருக்கிறது. பயப்படவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 6, வியாழன்

இப்பதான் ஆஸ்பத்திரியால வந்தது. எழுத ஏலாது.

மார்ச் 7, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் பரீதா வரவில்லை. ஏன் காணேல்லை என்று டொமினிக் கேட்டார். எனக்கு வாய் நிற்காதே. ஊசியே இல்லாமல் நாலு நோன்பு முடித்து இன்று ஐந்தாவது, எல்லாம் உங்களைப் பார்த்துத்தான் என்று பெருமையாக அவிழ்த்துவிட்டேன்.

மனுசன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஐவி, நான் குளிசை போடுறனான். ஒரு நாளும் விடேல்லை. றஊப்பின்ர கடையிலதான் வைச்சிருக்கிறன்."

விளங்கவில்லை எனக்கு. என்ன குளிசை என்று கேட்டேன், விசரி மாதிரி. கிளினிக்குக்கும் மாதாமாதம் போகிறாராம். இப்போது முன்னரை விடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்களாம். அதுதான் 128. அவருடைய பிளேன்ரீயும் அதுதான். நான் ஊர் முழுக்கக் கொண்டாடித் திரிந்ததும் அதுதான்.

சண்டை பிடிக்க நேரம் இருக்கவில்லை. அவர் ஏற்கனவே செருப்பைப் போட்டு இறங்கிவிட்டார். சீனி பார்க்கிற மீற்றரை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பரீதா கட்டிலில். கூப்பிட்டால் கண் திறக்கிறா, கதை ஒன்றும் ஒழுங்காக இல்லை, உதடு காய்ந்து வெடித்துப்போய். நோன்புக்களை என்று நினைத்துப் படுக்க விட்டிருந்தார்களாம். விரலில் குத்தினேன். இலக்கம் வரவில்லை. சீனி அளக்க முடியாத அளவுக்குக் கூடினால்தான் மீற்றர் இலக்கம் காட்டாது.

ஓட்டோவில் அவவின் தலை என் மடியில். என்ர மாதாவே, என்னை என்ன செய்ய வைச்சிட்டாய் என்று கேட்டுக்கொண்டே போனேன். மாதாவா செய்ய வைத்தவ?

ஊசி ஏன் போடவில்லை என்று டாக்டர் கேட்டார். சின்ன வயசுப் பிள்ளை. றஊப் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ராத்தா மறந்திருப்பா" என்றார். அந்த மனுசன் எனக்கு ஒரு வழி திறந்து விட்டார். நான் போயிருக்கலாம்.

"மறக்கேல்லை டாக்டர். நான்தான் நிப்பாட்ட வைச்சனான். என்னட்ட ஒரு மெசின் இருக்கு."

அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. "இன்னும் எத்தினை பேருக்கு இப்பிடிச் சொல்லியிருக்கிறீங்க, அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 8, சனி

பரீதா கண் திறந்து தண்ணீர் கேட்டாவாம். கர்த்தருக்கு நன்றி.

காலையில் இருந்து போனும் கையுமாக. வந்த ஒருவரையும் விடவில்லை. குளிசை நிறுத்தினீங்களா, நிறுத்தியிருந்தால் இன்றைக்கே போடுங்கோ, டொமினிக்கின் கதை பொய், சீனி குறைந்தது ஆஸ்பத்திரி மருந்தால். இதே வாயால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தரம் சொன்னேன். இரண்டு பேர் பிரஷர் குளிசையை விட்டிருந்தார்கள். ஒருத்தி ஏசினா, நன்றாக ஏசினா, கேட்டுக்கொண்டிருந்தேன். கஜந்தியின் தகப்பன் மட்டும், "அது உங்கட மனுசன்ர பிரச்சினை, எனக்குக் கால் சுகம், எப்ப வர?" என்று கேட்கிறார். வரவேண்டாம் என்றால் அவருக்குக் கோபம்.

அஞ்சலினா, ஒருவருக்கு நடந்ததை வைத்து முடிவெடுக்காதே என்றாள். போனை வைத்துவிட்டேன். கிண்ணியாவில் ஒருவர் மெசினை நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுத்தால் அங்கே எவளின் ஊசி நிற்குமோ? கொடுக்கமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று நாளாக டொமினிக்கோடு கதை இல்லை. இன்று நானே வெடித்தேன். ஏன் எனக்குச் சொல்லேல்லை, என்னை ஊருக்கு முன்னால பேயாக்கிப்போட்டீங்களே என்று.

"குளிசை போட்டா நீர் கத்துவீர். மெசினைப் பிடிக்காட்டியும் கத்துவீர். ரெண்டையும் செய்தன், வீடு அமைதியா இருந்தது." பிறகு கொஞ்சம் பொறுத்து, "பென்சனுக்குப் பிறகு நீர் இப்பிடிச் சிரிச்சுத் திரிஞ்சதை நான் காணேல்லை. எப்பிடிச் சொல்றது?"

அழுதேன். அதோடு ஏசவும் ஏசினேன். எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்த மனுசன், பரீதாவுக்காக ஒரு நிமிசமும் மூடிக்கொண்டிருக்கவில்லை. அதை நினைக்க உள்ளுக்குள் ஒரு பெருமையும் வருகிறது. அவருக்குச் சொல்லவில்லை. இன்னும் கோபம்.

மார்ச் 12, புதன்

பரீதா வீட்டுக்கு வந்துவிட்டா. போனேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினா. திரும்பி வந்தேன். வேறென்ன எதிர்பார்த்தேன்?

மார்ச் 14, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு றஊப் வந்தார். படியிலேயே நின்றார். ராத்தா ஊசி போடுறாவாம், ஆனால் மத்தியானம் சாப்பிடுகிறாவில்லையாம். வீடு முழுக்க நோன்பாளிகள், தான் மட்டும் மெல்லுவதற்கு வெட்கமாம். நேற்று வியர்த்து, கை நடுங்கி, சீனித்தண்ணீர் பருக்கித்தான் எழுப்பினார்களாம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாவிட்டால் இப்போது மற்றப் பக்கத்தால் உயிர் போகும்.

"நாங்க சொன்னாக் கேக்கிறா இல்ல. உங்களை ஏசவாவது வாயத் துறப்பா, ஐவி அக்கா."

மார்ச் 15, சனி

மத்தியானம் ஒரு கோப்பையில் சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். நேரே குசினிக்குள். பரீதா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா, இரவுக்கு. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவவின் சோற்றையும் போட்டு முன்னால் வைத்தேன். "சாப்பிடுங்கோ. நானும் சாப்பிடப்போறன்" என்று சொல்லி வாயில் வைத்தேன். தவக்காலத்தில் மத்தியானச் சோறு எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை. இறக்கினேன்.

மிச்ச முருங்கையிலையையும் உருவி முடித்தா. பிறகு ஏசினா. றஊப் சொன்னது சரி, அப்படி ஓர் ஏச்சு. படித்த பொம்பிளை என்று நம்பினேனே, என்ர பிள்ளைகளுக்கு நான் இல்லாமல் போயிருந்தால் நீயா பதில் சொல்லுவாய் என்று. எல்லாம் நியாயம். ஏசிக்கொண்டே கையைக் கோப்பைக்குள் வைத்தா. பாதிச் சோறு முடிந்த பிறகுதான் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தது போல.

"நாளைக்கும் வருவன்" என்றேன். "பருப்புக்கு உப்புக் காணாது" என்றா.

மார்ச் 23, ஞாயிறு

தினமும் போகிறேன். பித்யாச் சாப்பாட்டுக்கு அவ அரிசி கழுவ நான் தேங்காய் துருவுகிறேன். பார்சல் போன பிறகு இருவரும் சாப்பிடுகிறோம்.

இன்று கோயில் வாசலில், நாலு பேர் கேட்கும்படியாக ஒருத்தி கேட்டா: "என்ன ஐவி, இந்தமுறை ஒருசந்தி இல்லையாம்? றஊப் வீட்டில மத்தியானம் சாப்பிடுறீராம்?"

நாக்கில் ஒரு பிரசங்கமே தயாராக நின்றது. காரணம் சொல்லியிருந்தால் எல்லாரும் ஆகா என்றிருப்பார்கள். ஆனால் பரீதாவின் வெட்கம் வாசல் வாசலாகக் கதைபட்டிருக்கும்.

"இல்லை" என்றேன். "ஓம், சாப்பிடுறன்."

டொமினிக் பக்கத்தில் நின்றவர். வீடு வரும்வரை என் குடையை அவரே பிடித்துக்கொண்டு வந்தார்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். றஊப் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். எனக்குப் போக விருப்பமில்லை. மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் அவர்களுடைய சொந்தம் எல்லாம் வந்திருக்கும், எந்த முகத்தோடு போவது? டொமினிக் விடவில்லை.

உள்ளே கால் வைத்ததும் எல்லாக் கண்ணும் என்னில். மூதூர் மச்சி ஒருத்தி, "இவதானா அந்த மெசின்..." என்று தொடங்கினா. கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

பரீதா புதுச்சாரியோடு குசினியால் வந்து என் கையைப் பிடித்தா. சொந்தக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னா:

"இவதான் ஐவி அக்கா. நான் நோன்பு புடிக்க ஏலாத நாளெல்லாம், தன்ர நோன்ப விட்டுட்டு என்னோட இருந்து சோறு திண்டவ."

அவவுக்கு எப்படித் தெரியும்? நான் மூச்சு விடவில்லையே. திரும்பினால் டொமினிக் கூரையைப் பார்க்கிறார். இந்த மனுசனுக்கு எதை ஒளிப்பது, எதைச் சொல்வது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மூதூர் மச்சி எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தா. இருந்தேன். நிமிர்ந்துதான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து, பரீதா என்ன சொன்னா, எப்படிச் சொன்னா என்று டொமினிக்கிற்கு இரண்டு தரம் சொன்னேன். "நானும் அங்கதானே நிண்டனான்" என்கிறார். நிண்டால் என்ன? மூன்றாம் தரமும் சொன்னேன். அவர் என் முன்னாலேயே குளிசையைப் போட்டு, தண்ணீரைக் குடித்து, முழுவதையும் கேட்டார்.