அமாவாசையில் ஈரல் ஸ்கேன்

கோவிந்தாபுரம்
20.1.2025

ராசு மாமாவுக்குக் கமலாத்தாள் எழுதுவது.

நீங்கள் இருந்தவரைக்கும் ஊர் முன்னால் ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிட்டேன். இனி யார் கேட்கப்போகிறார்கள்? அங்கே சௌக்கியமா என்று கேட்கக் கோபம்தான் வருகிறது. என்னைத் தனியே விட்டுவிட்டு நாலு மாதத்துக்கு முன்னால் கண்ணை மூடினவருக்குச் சௌக்கியத்துக்கு என்ன குறை?

இங்கே உங்கள் மகன் நவீன்குமார் என் உயிரை எடுக்கிறான். திருப்பூரிலிருந்து தினமும் போன். “அம்மா, மாத்திரை போட்டீங்களா?” போட்டேன் என்பேன். பொய். நீங்கள் போனபிறகு தொடவே இல்லை. கையில் எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை எதிரில் நின்று முறைக்க ஆள் வேண்டுமே. பொங்கலுக்கு வந்தவன் பிரிக்காத அட்டைகளைப் பார்த்துவிட்டான். “ஸ்கேன்ல ஈரல் தழும்பு கூடியிருக்குதுன்னு வந்தா, ஊட்டப் பூட்டிட்டு எங்கூடக் கெளம்புங்க. பேச்சே கெடையாது” என்று சொல்லிவிட்டான். நாலாவது மாடியில் அடைந்து கிடக்க என்னால் ஆகுமா? தோப்பை யார் பார்ப்பது?

பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் வேறு. “ஈரல் கெடறது குடிக்கறவங்களுக்குத்தானுங்கக்கா? எங்க தோப்புல கள்ளு கொறையறது இப்பத்தான் புரியுது” என்று சிரிக்கிறாள். குடியெல்லாம் இல்லை, உடம்பே தன் ஈரலைப் பகையாளி என்று நினைத்து அடிக்கிற வியாதி என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். “உங்க வாயிக்கேத்த ஒடம்புதான், போங்க” என்கிறாள்.

29ஆம் தேதி பாலக்காட்டில் ஸ்கேன். ஊசி போட்டுச் சதை எடுக்க மாட்டார்களாம், போன தடவைபோலவே மேலே தட்டிப் பார்ப்பது மட்டும்தானாம். அதற்கும் நான் தனியாகப் போக வேண்டியிருக்கிறது.

கமலாத்தாள்

கோவிந்தாபுரம்
29.1.2025

ராசு மாமா,

உங்களால் இன்று என் மானம் போயிற்று.

இன்று தை அமாவாசை. தேதி கொடுத்தவர்களுக்கு அதெல்லாம் தெரியுமா? விடியக் குளித்து, உங்களுக்கு இலை போட்டு, பருப்பும் வடையும் பாயசமும் வைத்தேன். காக்கை எடுத்தது. மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பது நினைவில்தான் இருந்தது. ஆனால் படைத்த இலையை மூடி வைத்துவிட்டு எப்படிக் கிளம்புவது? உங்களை அரை வயிற்றோடு எழுப்பி விட்டதுபோல் ஆகாதா? ஒரு வாய் என்றுதான் உட்கார்ந்தேன். வடை நன்றாக வந்திருந்தது.

ஸ்கேன் எடுக்கிற பையன் ஜிதின் கேட்டான்: “அம்மே, எதாச்சும் சாப்பிட்டோ?”

“காக்காய்க்கு வெச்சுட்டுச் சாப்பிட்டனுங்க.”

“காக்கை சாப்பிட்டாப் பிரச்சனையில்ல. அம்மை சாப்பிட்டா ஈரல் கெட்டியாக் காட்டும். வேற நாள் வரணும்.”

அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்து, ஸ்கேன் நாளில் நீங்களும் பட்டினியாகவே கூட வருவீர்கள். உயிரோடு இருந்தபோது பட்டினி போட்டீர்கள், செத்தபிறகு வடை தின்ன வைக்கிறீர்கள். எதையாவது நேரம் பார்த்துச் செய்கிறீர்களா?

கமலாத்தாள்

கோவிந்தாபுரம்
6.2.2025

ராசு மாமா,

இன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். மல்லாக்கப் படுக்கவைத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, விலாவில் பசை தடவி, தேங்காயைச் சுண்டிப் பார்ப்பதுபோல் தட்டினார்கள்.

டாக்டரம்மா சொன்னார்: “போன தடவையவிடக் கெட்டியா இருக்கு. ஆனா ரத்தத்தைப் பார்த்தா ஈரல்ல அழற்சியும் இருக்கு. வீங்கினாலும் கெட்டியாத்தான் காட்டும், தழும்பானாலும் அப்படித்தான். மாத்திரையை ஒழுங்காப் போட்டுட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க, எதுன்னு தெரிஞ்சுரும்.”

இத்தனை அலைச்சலுக்கும் கிடைத்த பதில் இதுதான். “அப்ப ஊட்டப் பூட்டோணுமா, வேண்டாமாங்க?” என்று கேட்டேன். அவர் விழித்தார். நவீன்குமாரிடம் வீக்கம்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். “மூணு மாசம் பாக்கறேன்” என்றான். இனி தப்ப முடியாது, விழுங்கித்தான் ஆக வேண்டும்.

கிளம்பும்போது ஜிதின் கேட்டான்: “அங்கிள் வரலையோ?” சொன்னேன். நெஞ்சடைத்துப் போய்விட்டார் என்று. பையன் கையிலிருந்த பசைக் குப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

“போன ஆடியில அம்மை உள்ள படுத்திருக்கும்போ, அங்கிள் வெளிய நெஞ்சைத் தடவிட்டு, வேர்த்துப்போயி இருந்தாரு. ஈசிஜி எடுக்கலாம், வாங்கன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். ‘அவளுது முடியட்டும், பசியோட கெடக்கறா, முதல்ல திங்க வெக்கோணும்’னு போயிட்டாரு.”

ஒரு வலியும் தெரியாமல் நொடியில் போய்விட்டார், புண்ணியவான் என்று ஊரே சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன். என் ஈரலுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி. உங்கள் நெஞ்சுக்கு அடுத்த அறைக்குப் போகக்கூட ஆகவில்லை.

அன்று திரும்பி வரும் வழியில் கொல்லங்கோட்டில் இறங்கி எனக்குத் தோசை வாங்கிக் கொடுத்தீர்கள். தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள். சட்னி புளிக்கிறது, கால் கடுக்கிறது, பஸ்ஸில் இடமில்லை என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தது நான்தான். ‘எனக்கு வலிக்குது புள்ள’ என்று ஒரு வார்த்தை சொல்ல அதற்கு நடுவில் உங்களுக்கு இடமா கிடைக்கவில்லை, ராசு மாமா?