ஸ்டிக்கர் இல்லாத பாண்

ஜூலை 7, திங்கள்

விடியலிலேயே மழை. காற்று நான் பாண் ரொட்டி விற்கிற ஆட்டோவைத் தூக்கிவிடும் போல. பின்பக்கத் தார்ப்பாய் கிழிந்து ஒரு தட்டு பணிஸ் நனைந்தது. நனைந்த பத்தும் வீட்டுக்கு. இரண்டு நாளைக்குப் பணிஸ்தான் சாப்பாடு, யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது.

செய்ய வேண்டியது:
தார்ப்பாய்.
வைப்பர் ரப்பர்.
பாட்டுப்பெட்டி ஒயர் (முடக்கில் திரும்பினால் பாட்டு நிற்கிறது).
முட்டிக்குத் தைலம். மறக்காதே, மறக்காதே.

பஸார் சந்தியில் ஒழுங்கு அணி இயக்கத்துப் பையன்கள் மறித்தார்கள். ஏழெட்டுப் பேர், எல்லாம் கறுப்பு டீசேர்ட். சொட்டச் சொட்ட நனைந்தும் விறைப்பாக நிற்கிறார்கள்.

"பாண் அக்கா, இது நம்மாளு வண்டி. ஒன்னு ஒட்டிக்கிறோம்."

கேட்டது ஒரு பேச்சுக்கு. சொல்லி முடிப்பதற்குள் முன் கண்ணாடியில் ஒட்டியாயிற்று. சிவப்பு வட்டம், உள்ளே வெள்ளை, நடுவில் கறுப்பாக நீட்டிய கை. கீழே "நம்மாளு". ஒட்டிவிட்டு எல்லோரும் ஒரே மாதிரி வலது கையை நீட்டி, "மலைக்கு ஒழுங்கு!" நானும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். ஒரு மரியாதைக்கு.

ஸ்டிக்கர் ராசி, தேயிலைத் தோட்டத்தில் மூன்றாவது லயத்து வீடுகளிலேயே பாண் முடிந்துவிட்டது. மற்ற லயத்துப் பிள்ளைகள் வெறும் ஆட்டோவைப் பார்த்து ஏமாந்து போயின.

தம்பி ரவி குடிக்காமல் இன்றோடு நாற்பத்தொரு நாள். காலண்டரில் நானே கோடு போடுகிறேன். பொண்டாட்டி விட்டுப் போன பிறகு அவன் என் ஒற்றை அறைக் காம்பராவில்தான். என் வீட்டுக்காரரோ கொழும்புக் கடையில், மாதம் ஒரு தரம் வருகிற ஆள். ஆறு வருஷம் சாமியாலும் டாக்டராலும் முடியாததை அணி முடித்தது. கசிப்புச் சாராயம் காய்ச்சுகிற குடிசையைப் பிரித்து எறிந்தார்கள். காலையில் வந்து தம்பியை எழுப்பி ஓட விட்டார்கள். கறுப்புச் சட்டை கொடுத்தார்கள். இப்போது அவன் கன்னத்தில் சதை. அவர்களுக்கு ஒரு கை என்ன, இரண்டு கையும் தூக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். தார்ப்பாய்க்கு ஊசி நூல் போட்டாயிற்று.

பாரூக் நானா பேக்கரியில் பாண் ஏற்றும்போது எப்போதும் போல அடுப்பு ஓரம் தேத்தண்ணி. எட்டு வருஷமாக இங்கேதான் எடுக்கிறேன். நானா ஆட்டோக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, வண்டிக்குப் பொட்டு வெச்சீக்கிறீங்க?"

"பையங்க ஒட்டுனாங்க நானா."

"எங்களுக்கு ஒட்ட மாட்டாங்களாம். நானும் கேட்டு அனுப்பினன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தேத்தண்ணியை அவசரமாகக் குடித்தேன். நாக்கைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

பஸாரைச் சுற்றிப் பார்த்தேன்.
ஸ்டிக்கர் உள்ளது: மரக்கறிக் கடை, சலூன், நகை அடகு, போன் கடை, இரண்டு சாப்பாட்டுக் கடை.
இல்லாதது: நானா பேக்கரி, ஹாஜியார் புடவைக் கடை, முட்டைக் கடை. மூன்றும் முஸ்லிம் ஆட்கள் கடை. அப்புறம் மருந்துக் கடை. மருந்துக் கடைக்காரர் நம்மாள்தான், "எனக்கு எதுக்குடா இது"ன்னு திருப்பி அனுப்பினாராம். அவருக்குக் கொழுப்பு என்று பேச்சு.

பீலிக்கரையில் தண்ணி பிடிக்கும்போது காதில் விழுந்தது:

"ஸ்டிக்கர் இல்லாத கடையில சாமான் வாங்குனா போட்டோ எடுத்து குரூப்புல போடுறாங்களாம்."

"எடுத்தா எடுக்கட்டும். எம் மூஞ்சி என்னா சினிமா மூஞ்சியா?"

"சிரிக்காத. மாரியாயி மக படம் வந்துச்சு. மூஞ்சி மேல செவப்புல பெருக்கல் போட்டு. அவ ரெண்டு நாளா பெரட்டுக்கும் போகல, கொழுந்தும் எடுக்கல."

ஒரே அடுப்பு, ஒரே பாண். கடையில் போய் வாங்கினால் குற்றம், என் ஆட்டோவில் வாங்கினால் நம்மாளு பாண். யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தால் ஆள் இல்லை. ரவியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அப்ப அது நானா பாணா?" என்று கேட்டான். வாய்தான் எனக்கு எதிரி.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி, போயா லீவு

வெயில், அதிசயமாக. துணி எல்லாம் காய்ந்தது.

பின்னேரம் கலாசார மண்டபத்தில் அணிக் கூட்டம். ரவி கூப்பிட்டான், போனேன். தினேஷ் மாஸ்டர் பேசினார். டியூஷன் மாஸ்டர், முப்பது வயசு இருக்காது, நல்ல குரல், நல்ல தமிழ். போதை, சாராயம், படிப்பு, நம்ம பொண்ணுகள் வீட்டு வேலைக்குப் போகிற கொடுமை. ஒவ்வொன்றும் உண்மை. நானும் கை தட்டினேன்.

பிறகு திரையில் படம் ஓட்டினார். கறுப்பு வெள்ளை. அரைமீசை ஜெர்மன்காரன். ஆயிரக்கணக்கில் சனம், எல்லார் கையும் நீட்டியபடி. "பசியில கெடந்த நாட்ட ஆறே வருஷத்துல எழுப்பி நிப்பாட்டின தலைவரு. நமக்கும் அப்படி ஒரு ஆளு வேணும்" என்றார் மாஸ்டர். ஒரே கைதட்டல். அந்த நீட்டிய கையைத்தான் என் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

நடுவில் ஒரு காட்சி. ஒரு கடை வாசல். சீருடைச் சட்டை போட்ட இரண்டு பேர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பொம்பளை பையோடு வந்து, அவர்களைப் பார்த்து, திரும்பிப் போகிறாள். மாஸ்டர் அதை வேகமாக ஓட விட்டார்.

கடைசியில் இருக்கிற தொங்கல் லயத்துக் கமலா எழுந்து கேட்டாள்: "கடைசியில அந்த ஆளு என்னா ஆனாரு தம்பி?"

"அது வேற கதைக்கா."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் அந்த வேற கதை தெரியும். சரித்திரப் புத்தகத்தில் இருந்தது. கடையில் தொடங்கி, ரயிலில் ஏற்றி, லட்சம் லட்சமாகச் சனங்களைக் கொன்ற கதை. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டு சேலைத் தலைப்பை முறுக்கினேன்.

முடிந்ததும் மாஸ்டர் என்னிடம் தனியாக வந்தார். "அக்கா, சனிக்கெழமையில இருந்து பாண வேற எடத்துல எடுங்க. தலவாக்கலையில நம்மாளு போடுறாரு. வர்ற பிரதேச சபை எலக்சனுக்குப் பொம்பள ஆளும் தேடுறோம். எல்லா லயத்துக்கும் தெரிஞ்ச மூஞ்சி ஒங்க மூஞ்சி."

யோசிக்கிறேன் தம்பி என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று இப்போது என் மேலேயே கோபம்.

ஜூலை 11, வெள்ளி

பனிமூட்டம். லைட் போட்டுத்தான் ஓட்டினேன்.

அந்தக் கடை வாசல் காட்சி மனசை விட்டுப் போகவில்லை. எண்பத்து மூணு கலவரத்தில் எனக்கு அஞ்சு வயசு. அம்மா என்னையும் கைக்குழந்தைத் தம்பியையும் தேயிலைக்குள் உட்கார வைத்து வாயைப் பொத்தியிருந்தாள். கீழே பஸார் தெரிந்தது. தமிழ்க் கடைகளை எரிக்க வந்த சிங்களக் கூட்டத்தின் முன்னால் ஒருத்தன், கையில் பட்டியல் எழுதின தாள். விரல் வைத்து வாசித்தான். இரண்டு கடையைத் தாண்டினான், மூன்றாவதில் நின்றான். அது சித்தப்பா கடை. எரிந்ததை விட, அவன் நிதானமாக வாசித்ததுதான் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத் தாள் அவர்கள் கையில். இன்றைக்குப் பசை தடவி நம் கையில்.

ரவியிடம் சொன்னேன், ஸ்டிக்கரைக் கழற்றப் போகிறேன், பாண் நானாவிடம்தான் எடுப்பேன் என்று.

"நீ கழட்டுனா என்னய அணியில வெச்சுக்க மாட்டாங்கக்கா."

"வெச்சுக்காட்டி என்னா?"

"அவங்க இல்லாட்டி நா குடிச்சிருவேன். ஒனக்குத் தெரியும்."

"நீ குடிக்காம இருக்கிறது ஒம் புத்திடா. அவங்க குடுத்த சட்டை இல்ல."

"எனக்கு அவ்வளவு புத்தி இல்லக்கா."

மிரட்டுகிற மாதிரி சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். இந்த நாற்பத்தைந்து நாளை நானே பிடுங்கி எறிகிறேனா? அழுதேன். அழுதுவிட்டு மண்ணெண்ணெயும் பிளேடும் எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனேன். நல்ல பசை, சனியன். அரை மணி நேரம். நகம் இரண்டு போயிற்று.

நானாவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன்.

"வேணாம் தங்கச்சி. நீங்க அங்கேயே எடுங்கொ. நா கோவிக்க மாட்டன்."

"நாளைக்கு அறுபது றாத்தல் பாண் போட்டு வைங்க நானா."

"தங்கச்சி..."

"அறுபது."

ஜூலை 12, சனி

மழை. அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதி முன் கண்ணாடியில் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வைத்தேன்: பாரூக் நானா பேக்கரி பாண். எழுத்து கோணல், ஆனால் தூரத்திலிருந்தே தெரியும். ஒயர் அறுந்தே விட்டது, பாட்டு இல்லை. தொண்டைதான். "நானா கடைப் பாண்! சூடா இருக்கு!"

மேல் லயம்: கதவெல்லாம் பாதி சாத்தியது. ஒரு குழந்தை ஓடி வந்தது, பின்னாலிருந்து கை வந்து உள்ளே இழுத்தது.
நடு லயம்: ஒரு ஆளும் இல்லை. நாய்தான் வந்தது.
கீழ் லயம்: இரண்டு பேர்.
தொங்கல் லயம்: இரண்டு பேர்.

வாங்கினது இவர்கள் என்று எழுத ஆரம்பித்து, முதல் பேரையே அடித்துவிட்டேன். பட்டியல் எழுதுகிற வேலை இனி இந்த நோட்டிலும் வேண்டாம்.

இறக்கத்தில் மாஸ்டர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பேசினார். குரல் உயரவில்லை.

"ஒங்கள யாரும் தொட மாட்டாங்கக்கா. நாங்க ஒழுக்கமான பிள்ளைங்க. ஆனா சனம் தானா ஒரு முடிவெடுக்கும்."

"தானா எடுக்கட்டும் தம்பி. அப்பறம் போட்டோ எதுக்கு?"

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனார். எனக்குப் பயம்தான், அதையும் எழுதி வைக்கிறேன். ஆட்டோவை நானா பேக்கரிக்குத் திருப்பினேன்.

மிஞ்சின பாணை நானா வெட்டி ரஸ்க் போட்டார். "ரஸ்க் கெடாது" என்றார். நாளைக்கும் அறுபதுதான் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

ரவி போர்வையும் செருப்பும் எடுத்துக்கொண்டு அணி அறைக்குப் போய்விட்டான். நான் பாண் ஏற்றப் போயிருந்த நேரம். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். காலண்டரில் கோடு போட்டேன், குடித்திருக்க மாட்டான் என்று நம்பி.

பீலிக்கரையில் கமலா பக்கத்தில் வந்து குசுகுசுத்தாள். "பின்பக்கமா வாங்களேங்க்கா. சத்தம் போடாம குடுத்துட்டுப் போங்க, நாலஞ்சு வீட்டுல வாங்குவாங்க."

"ஒளிச்சு விக்க இது கசிப்பா கமலா? முன் வாசல்லதான்."

கோபித்துக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளைக்காரி, பயம் இருக்காதா. கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம்.

இன்று மூன்று பேர்தான். நேற்றை விடக் குறைவு. அதனால் என்ன.

தைலம் வாங்கியாயிற்று, மருந்துக் கடையில். கடைக்காரர் என் அட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். பாட்டிலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்து, நாளையிலிருந்து வீட்டுக்குத் தினமும் இரண்டு றாத்தல் போடச் சொன்னார்.

ஜூலை 14, திங்கள்

மழை, காற்று, எல்லாம். பெரட்டுக்குப் போகிற நேரம்.

தொங்கல் லயத்து முடக்கில் ரவி. கறுப்புச் சட்டை, கையில் போன். வாங்குகிறவர்களைப் படம் எடுக்க இந்த லயத்தை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை.

ஆட்டோவை அவன் முன்னாலேயே நிறுத்தினேன். கதவுகள் சாத்தியிருந்தன. கமலா மட்டும் தலையில் படங்குச் சாக்கோடு, கொழுந்துக் கூடையோடு, இஸ்தோப்புத் திண்ணையில் நின்றாள். நான் கூப்பிடவில்லை. ஒரு றாத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் நின்றேன். அவள் ரவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படியிறங்கி வந்தாள். "ரெண்டு குடுங்கக்கா" என்றாள், லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி. சாக்கை இழுத்து முகத்தை மூடவில்லை.

ரவி போனைத் தூக்கினான்.

"எடுடா. ரெண்டு பேரும் தெரியிற மாதிரி எடு. அக்கா மூஞ்சி நல்லா விழணும்."

எடுத்தான்.

பக்கத்தில் போய் அவன் வாயை மோந்து பார்த்தேன், ஆறு வருஷப் பழக்கம். வாடை இல்லை. நாற்பத்தெட்டு நாள். கண் தெளிவு. போனைப் பிடித்த கை ஒரு பொட்டு நடுங்கவில்லை. குடித்திருந்தால் என்னைப் படம் எடுத்திருக்க மாட்டான், காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பான்.

நாளைக்கு முதலில் தொங்கல் லயம். அவன் வருவதற்கு முன்னால் இல்லை, அவன் வந்து நின்ற பிறகு.