ஓசி வகுப்பில் வந்த காசு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடி இருக்கிறது. உனக்கு முழங்காலும் சேர்த்து நன்றாக இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு எவரும் மாற்றிப் பேசக் கூடாது. நான். உன் மகள். உன் அண்ணன். அவன் பெண்டாட்டி, வாசலோடு நின்றாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உன் மகளின் தையல் மெஷினை எடுத்துப்போக உன் அண்ணன் கூட்டிவந்த பழைய சாமான்காரர். அப்புறம் கம்ப்யூட்டருக்குள் எண்பத்து நாலு பேர்.

மெஷினை விற்றுவிட்டு உன் மகளைத் தன் ஆபீசில் போன் எடுக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ள நீயே சரி சொல்லிவிட்டதாக உன் அண்ணன் சொன்னான். அவள் முகம் செத்துப்போயிற்று. "இன்னைக்கு வகுப்பு இருக்கு மாமா, ஒரு மணி நேரம் பொறுங்க" என்று கெஞ்சினாள். "ஓசியில சொல்லிக்குடுத்தா எவன் காசு தருவான்?" என்று சிரித்தான். துணிக்கடைக்காரன் நூறு துணியை விரித்துக் காட்டுகிறானே, பார்த்ததற்கா காசு கேட்கிறான் என்றேன். அவனுக்கு எங்கே விளங்கும்! கணக்கில் முட்டை வாங்கிவிட்டு, எனக்குப் படிப்பில்லை என்ற தைரியத்தில் நூறு மார்க் என்று சொன்னவன்தானே.

விஷயம் இதுதான். தைத்த உடுப்பு உடம்பில் சரியாக உட்காராவிட்டால் என்ன செய்வது என்று ஞாயிறுதோறும் அவள் கம்ப்யூட்டர் வழியாகச் சும்மா சொல்லிக்கொடுக்கிறாள். கடைசியில், முழுதாகக் கற்க ஆறு வார வகுப்பு இருக்கிறது, அதற்குப் பணம் உண்டு என்பாள். முதல் இரண்டு வாரமும் அந்தப் பேச்சு வந்ததும் பந்தி முடிந்த மாதிரி எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

சாமான்காரருக்கு டீ கொடுத்து நான் உட்காரவைத்தேன், அவள் வகுப்பைத் தொடங்கினாள். அன்றைக்கும் அந்த இடம் வந்தது. ஒவ்வொரு முகமாக மறையத் தொடங்கியது. கட்டிலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த நான் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் நடுவில் போய் உட்கார்ந்தேன். யார் எதைச் சொன்னாலும் எனக்கு மறக்காது, அதுதானே உங்களுக்கெல்லாம் என்மேல் குறை!

"சிவப்புத் திரை போட்ட ரூம்ல இருக்கற அம்மா, போன வாரம் ஜாக்கெட் கைக்குழி இறுக்குதுன்னீங்களே, அரை விரல் ஆழமா வெட்டினீங்களா? பஸ் ஓட்டற தம்பி, உங்க பேன்ட் இடுப்பு என்னாச்சு? நர்சம்மா, அதுக்கு முந்தின வாரம் குழந்தை அழுதுன்னு பாதிக் கேள்வியில ஓடினீங்க. மீதியை இப்ப கேளுங்க" என்றேன்.

பஸ்காரர் பேன்ட்டையே தூக்கிக் காட்டினார். "காசு வகுப்புக்கும் நீங்க வருவீங்களா பாட்டி?" என்றாள் நர்சம்மா. "வராம? தப்பா வெட்டினா ஆயுசுக்கும் ஞாபகம் வச்சிருப்பேன்" என்றேன். சிரிப்பு அடங்குவதற்குள் முப்பத்தொரு பேர் பணம் கட்டிவிட்டார்கள். வந்த தொகை, உன் அண்ணன் தருவதாகச் சொன்ன சம்பளத்தில் மூன்று மாசத்துக்குச் சமம்! அந்தத் தொகையை அவனையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தான்.

பழைய சாமான்காரர் டீயைக் குடித்து முடித்து, "ஓடற மெஷினுக்கு என்னை எதுக்குண்ணே கூப்பிட்டீங்க?" என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் நூறு வயசு நன்றாக வாழட்டும்.

எல்லாரும் போனதும் உன் மகள் உனக்குச் சொல்லத்தான் முதலில் போனை எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். "அம்மாதானே விக்கச் சொன்னாங்க" என்றாள்.

வரும் ஞாயிறும் வகுப்பு உண்டு. அங்கிருந்தே நீயும் பார்க்கலாமாம், காசு கிடையாது. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் அலையாதே, நீண்ட ஆயுசோடு இரு. உன் அண்ணன் கணக்கில் இன்னொரு குற்றம் ஏறியது, அவ்வளவுதான், அவன் பிறவி அப்படி. ஆனால் பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டியவளை, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசும்வரை நான் மன்னிக்கப்போவதில்லை. அது நீதான், என் தங்கமே.

அம்மா