சாம்பல் நிறக் கோட்டு

தை 4, திங்கள். கோத்தகிரி.
உறைபனி. வெயில் ஏறும்வரை குழாயில் தண்ணீர் இல்லை. கைநாட்டாகவே இருந்தவன் நான், வயசான பின் வந்த எழுத்து. விரல் விறைத்தால் இன்னும் கோணல்.

கல்யாணம் கட்டிக்கொள்ளலாமா என்று ச.விடம் இன்று கேட்டேவிட்டேன். ச., பஸ் ஸ்டாண்டில் கடலை வறுப்பவள். அவளுக்கும் துணை இல்லை, எனக்கும் இல்லை. பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, இத்தனை வருசமா மங்கி குல்லாவுக்குள்ள ரெண்டு கண்ணுதான் பாத்திருக்கேன். ஞாயித்துக்கெழம குன்னூர்ல எங்கக்கா பேத்தி கல்யாணம். நல்லா உடுத்திட்டு எங்கூட வாங்க. நாலு பேரு பாக்கட்டும். அப்புறம் சொல்றேன்."

அடுப்பு ஓய்ந்தால் அவள் கையில் பின்னல் ஊசி. போன மழைக்காலம், எனக்கொரு ஸ்வெட்டர் கேட்டேன். "காசுக்குப் பின்றதில்லீங்க. எங்க ஊட்டு ஆளுகளுக்கு மட்டுந்தான்."

செவ்வாய்.
கோட்டு எங்கே வாங்குவது? முதல் கோட்டு, எஸ்டேட் தொரை சீமைக்குப் புறப்பட்டபோது பங்களா ஏலத்தில். பழுப்பு, முழங்கையில் தோல் ஒட்டு, பைக்குள் சுருட்டு வாசம். அடுத்தது ஊட்டி மார்க்கெட்டில் தைத்தது, கறுப்பு, என் கல்யாணத்துக்கு. பிறகு எல்லாம் நடைபாதை ஸ்வெட்டர்தான்.
பக்கத்து வீட்டு டிரைவர் ரஹீம்: "ஸ்டைலு வேணும்னா கோயமுத்தூருக்குத்தான் எறங்கோணும் மாமா. யாருக்கு, உங்களுக்கா?" சிரித்துக்கொண்டே போனான்.

புதன்.
முதல் பஸ். மேட்டுப்பாளையம் வந்ததும் வியர்வை. கோவையில் ஒப்பணக்கார வீதி. முதல் கடை: சின்னப் பையன்கள் சட்டை, நெஞ்சில் புலி. இரண்டாவது: மாப்பிள்ளை உடுப்பு, ஒரே ஜிகினா. மூன்றாவதில் ஆளுயரக் கண்ணாடி, கழுத்தில் டேப்போடு ஒரு தம்பி.
"ஸ்வெட்டரக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க ஐயா."
"கோட்டுன்னா ஸ்வெட்டருக்கு மேலதான் தம்பி. மலையில அப்படித்தான்."
"பாக்கற எனக்கே வேர்க்குதுங்க!"
சாம்பல் நிறம். கச்சிதம். வேட்டிக்கும் பொருத்தம். கண்ணாடியில் நானே தொரை.

சனி.
மாட்டிப் பார்த்தேன். கோட்டின் கழுத்தில் பழைய ஸ்வெட்டர் தெரிகிறது. நூல் பிரிந்த விளிம்பு, பூச்சி தின்ற ஓட்டை. கடையில் என் கண் கோட்டை விட்டு நகரவே இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றினேன். கம்பில் மாட்டியது போல் தொங்குகிறது கோட்டு. மாற்ற நேரமில்லை. போகாமல் இருந்துவிடலாமா?

ஞாயிறு.
போனேன். சவரம் செய்து, குல்லா இல்லாமல், ஸ்வெட்டர் இல்லாமல். காது விறைத்தது. ச. பச்சைப் பட்டில். மண்டப வாசலிலேயே அவள் அக்கா: "ஏன்டி, கோட்டுக்குள்ள ஆளு இருக்காரா?"
எல்லோரும் சிரிப்பு. ச.வும்தான். அடுத்த பஸ் எப்போது என்ற நினைப்பு எனக்கு. கடையில் நடந்ததை ச.விடம் சொன்னேன்.
சிரிப்பு நின்றது. கோட்டின் முன்பக்கத்தை இழுத்துப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் தன் கையால் சாண் சாணாக என் தோளை அளந்தாள்.
"சிரிக்காதக்கா. உள்ள ஸ்வெட்டருக்கு எடம் விட்டு வாங்கியிருக்காரு."
பிறகு என்னிடம்:
"என்ன கலரு புடிக்கும் உங்களுக்கு?"