கஞ்சிக்கு உப்புப் பார்க்கிறவன்

மார்ச் 2, ஞாயிறு

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் ஸம்ஸியா எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று பேச்சு.

இன்று தலைநோன்பு, றமழான் மாதத்தின் முதல் நாள். ஏழு வயதில் பிடிக்கத் தொடங்கியவன் நான். எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருசம், கூரையில்லாத வீட்டில் இருந்துகொண்டும் ஒரு நோன்பு விடவில்லை. இப்போது சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுகிறேன். பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். பகல் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சோறு தின்றேன். ஊருக்கு இது தெரியக் கூடாது.

மார்ச் 4

வெளியே போகவில்லை. "நோன்பு எப்பிடிக் காக்கா?" என்று யாரும் கேட்டால் என்ன சொல்வது? பொய்யா?

மார்ச் 6, வியாழன்

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் காய்ச்சிக் கொடுக்கும் கஞ்சியை இன்று வாயில் வைக்க முடியவில்லை. கஞ்சி காய்ச்சுகிறவர்கள் எல்லாம் சம்பளமில்லாமல் வருகிற பொடியன்கள். மேசன் வேலை செய்யும் றிஸ்கான்தான் அவர்களுக்குத் தலைவன். அவன் தெருவால் போக, எதிர்வீட்டுச் சல்மா உம்மா மறித்தாள்.

"இது கஞ்சியா, கடல் தண்ணியா?"

"நான் உப்புப் போட்டுட்டுத் தொழப் போனன் உம்மா. மறுகா இன்னொருத்தனும் போட்டிரிக்கான். எல்லாரும் நோன்பு. ருசி பாக்க ஆளில்ல."

"நாக்குல வெச்சித் துப்பலாம் எண்டு மௌலவி சொன்னாரே!"

"ஒருத்தனுக்கும் மனம் வருதில்லயே."

யன்னலடியில் இருந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆளில்லையா? ஒரு ஆள் இரிக்கானே— குசினிக்குள்ள ஒளிஞ்சி சோறு தின்றவன்!

மார்ச் 7, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து கஞ்சிக் கிடாரத்தடிக்குப் போனேன். கால் பின்னுக்கு இழுத்தது.

"றிஸ்கான், எனக்கு நோன்பில்ல. சீனி வருத்தம். உப்ப நான் பாக்கன்."

அகப்பைகள் நின்றன. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். றிஸ்கான் சிரித்தானே ஒரு சிரிப்பு!

"இத நேத்தே சொல்லியிருந்தா நான் சல்மா உம்மாட்ட ஏச்சு வாங்கியிருக்க மாட்டனே காக்கா!"

தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தந்தான். ஊர் பார்க்க, பட்டப்பகலில் குடித்தேன். உள்ளியும் ரம்பை இலையும் தேங்காய்ப்பாலும் மணந்தது. "இன்னும் ஒரு கை உப்பு" என்றேன். போட்டார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வாளியோடும் சட்டியோடும் சனம் வரிசையாக வந்தது. நானும் ஊற்றிக் கொடுத்தேன். கை வலிக்கிறது. வலிக்கட்டும். நோன்பு மாதம் இன்றுதான் எனக்கும் பிறந்தது.

மார்ச் 12

சல்மா உம்மா சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "நேத்து உப்பு குறைவு. வேலையக் கவனமாச் செய்யுங்க" என்றாள். என் நோன்பைப் பற்றி ஒரு கதையும் இல்லை. ஏச்சு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோசமாக நான் வீடு வந்ததில்லை.

மார்ச் 18

ஓட்டோக்கார ஆதம்பாவா வந்து காதுக்குள் சொன்னார்: "காக்கா, எனக்கும் ஊசிதான். வெட்கத்துல ஊட்டுக்குள்ளயே கிடக்கன்."

"ஒரு சிரட்டய எடுங்க" என்றேன்.

மார்ச் 20

இன்று இறைச்சிக்கடை மீராலெவ்வையும் வந்துவிட்டார். அவருக்கு வயிற்றுப் புண். மூன்று பேரும் குடித்துப் பார்த்தோம். எனக்கு உப்புக் காணும், போதும். ஆதம்பாவாவுக்குக் காணாது. மீராலெவ்வைக்கு இஞ்சி கூடிவிட்டதாம்.

"கஞ்சி ஆறப்போகுது, ஒரு முடிவச் சொல்லுங்க!" என்று றிஸ்கான் கத்தினான்.

நாங்கள் ஆளுக்கு இன்னொரு சிரட்டை கேட்டோம்.