சமத்துக்கு முழங்கை இல்லை

மார்ச் 4, செவ்வாய்

தொழிற்சாலையில் அண்ணியை இன்று புது மேடைக்கு மாற்றிவிட்டார்கள், நின்றபடி மெஷின் ஓட்டும் இடத்துக்கு. நான் சோதித்து, நான் கையெழுத்துப் போட்ட மேடை. வீட்டில் ஒருத்தி என் வேலையின்மேல் நின்று வேலை செய்கிறாள் என்று நினைத்து, பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

எங்கள் அலுவலகத்தில் மேடையைக் கட்டிப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மை இருக்கிறது. உயரம், கை நீளம், எடை எல்லாம் நாங்கள் கொடுப்பது. குனி என்றால் குனியும், தூக்கு என்றால் தூக்கும். இடுப்பும் தோளும் தாங்குமா என்று நிறத்தில் சொல்லும். பச்சை என்றால் தாங்கும், சிவப்பு என்றால் தாங்காது. முணுமுணுக்காமல் வேலை செய்வதால் அதற்கு 'சமத்து' என்று பேர். இந்த மேடையில் சமத்துக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பச்சை.

மார்ச் 6, வியாழன்

அண்ணி காய் நறுக்கும்போது பார்த்தேன். இடது முழங்கையில் நாணயம் அளவுக்கு நீலம் பாரித்திருந்தது. புது மெஷின், தனக்குத்தான் இன்னும் பழகவில்லை, குருடி மாதிரி போய்ப் போய் இடித்துக்கொள்வதாகச் சொன்னாள். சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

எதில் இடித்தாள்? சமத்து எதிலும் இடிக்கவில்லையே.

மார்ச் 7, வெள்ளி

காலையில் வந்தவுடன் கோப்பைத் திறந்தேன். இடது தட்டிலிருந்து மூடியை எடுக்க வேண்டும். எதிரே அச்சில் வைக்க வேண்டும். காலால் மிதித்தால் மேலேயிருந்து இரும்புக் கை இறங்கி அழுத்தும். ஆளுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தடுப்புக் குழாய்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். சமத்து கையை நீட்டுகிறது. முழங்கை குழாய்க்குள் புகுந்து அந்தப் பக்கமாக வருகிறது. இரும்புக் குழாய். தண்ணீரில் கையை விட்டு எடுப்பதுபோல அவ்வளவு சுளுவாக.

உடம்பு எதிலாவது இடிக்கிறதா என்று பார்க்கும் மோதல் சோதனையை நான் அணைத்து வைத்திருக்கிறேன். அது ஓடிக்கொண்டிருந்தால் விரல் மூடியைத் தொட்டாலே மோதல் என்று நின்றுவிடும், வேலை நகராது. அதனால் எல்லோரும் முதலில் அணைத்துவிட்டு, கடைசியில் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். நான் கடைசியில் போடவில்லை. ஆனால் அறிக்கையில் போட்டதாகக் குறி இருக்கிறது. கீழே என் கையெழுத்து.

இப்போது போட்டேன். முழங்கை சிவப்பு, அண்ணிக்கு எங்கே நீலமோ அங்கேயே.

யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நாற்காலியின் முதுகைக் குழாயாக வைத்து நானே செய்து பார்த்தேன். இடிக்காமல் எடுக்க வேண்டுமென்றால் முழங்கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் உடம்பு சாய்கிறது. சாய்ந்தால் தலை முன்னால் போகிறது. தலை போகும் இடத்தில்தான் இரும்புக் கை இறங்கும்.

குறுக்கே ஏதாவது வந்தால் மெஷினை நிறுத்த ஒரு மின்கண் இருக்கிறது. அது கை உயரத்தில் மட்டும். தலை உயரத்தில் தேவையில்லை என்று எழுதியவள் யார்? நானேதான். சமத்தின் தலை அந்தப் பக்கமே வரவில்லையே!

அண்ணன் எட்டிப் பார்த்து, நாற்காலியோடு என்ன சண்டை என்று கேட்டான். உடற்பயிற்சி என்றேன்.

மார்ச் 10, திங்கள்

மேலாளர் அறை வாசலில் இரண்டு முறை நின்றேன். அவர் சத்தம் போடும் ஆளில்லை, அதுதான் பயம். போன வருஷம் ஒருவரிடம் மெதுவாக இரண்டே வார்த்தை சொன்னார். அந்த ஆள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. என் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வாரம்.

"என்னம்மா?" என்றார். ஒன்றுமில்லை சார் என்றேன்.

திரும்பும் வழியில் மருந்துக்கடையில் முழங்கை உறை ஒன்று வாங்கினேன், பஞ்சு வைத்தது. அண்ணி அதை மாட்டிக்கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினாள். "பாத்துக்கோ, உன் தங்கச்சிக்கு இருக்கிற அக்கறை உனக்கு இருக்கா?"

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சீ, நானும் ஒரு மனுஷியா?

மார்ச் 12, புதன்

தலையை முன்னால் கொண்டுபோகாதீர்கள் அண்ணி என்று பட்டும் படாமலும் சொன்னேன்.

"தலை போகாம கை எப்படிடி போகும்?" என்றாள். இப்போது வலி இல்லையாம். உறைதான் கொஞ்சம் தடிமன், அதனால் முன்னைவிட அதிகமாகச் சாய வேண்டியிருக்கிறதாம்.

நான் வாங்கிக் கொடுத்த உறை. நான்தான் அவள் தலையை இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறேன்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் கண்டிப்பாக.

மார்ச் 13, வியாழன்

சொல்லவில்லை. மேலாளர் கூட்டத்தில் இருந்தார் — இல்லை, பொய் எதற்கு, அவர் அறையில்தான் இருந்தார். மதியம் போன் அடித்தபோதெல்லாம் அண்ணியின் தொழிற்சாலையோ என்று நம்பரைப் பார்த்தேன்.

சாயங்காலம் அண்ணி வந்தவுடன் கைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள். தலையில் போடும் கிளிப். இரண்டாக உடைந்திருந்தது. அதில் நாலு முடி.

"சாஞ்ச நேரத்துல கால் மிதிச்சிடுச்சு. நல்லவேளை, கிளிப்போட போச்சு," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணியது. "நான் ஒரு லாயக்கில்லாதவ. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வேற வேலைக்குப் போயிடறேன்."

அதற்குமேல் முடியவில்லை. உளறிக் கொட்டிவிட்டேன். குழாய், குறி, கையெழுத்து, எல்லாம். அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"போன வெள்ளிக்கிழமை."

விரல்விட்டு எண்ணினாள். "ஆறு நாள். ஆறு நாளா என்மேலதான் தப்புன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ பாத்துக்கிட்டிருந்தே."

உறையைக் கழற்றி உடைந்த கிளிப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 14, வெள்ளி

கிளிப்பைக் கொண்டுபோய் மேலாளர் முன்னால் வைத்தேன். நான் பாதி சொல்லும்போதே போனை எடுத்து, தொழிற்சாலையில் அதே மாதிரி இருக்கும் பன்னிரண்டு மேடையையும் நிறுத்தச் சொன்னார். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"அந்தக் குறி பொய்."

"ஆமா சார்."

மார்ச் 20, வியாழன்

வேலை போகவில்லை. நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. அதுவரை எதிலும் நான் கையெழுத்துப் போடக்கூடாது. அண்ணி என்னோடு பேசுவது தினமும் ஒரே வாக்கியம்: சாப்பாடு இருக்கு.

ஏப்ரல் 2, புதன்

குழாயை அறுத்துத் தள்ளி வைத்தாயிற்று. தலை உயரத்திலும் மின்கண் வைத்திருக்கிறார்கள். மேடையில் நிற்கிற ஆளின் அசைவைப் பதிவு செய்து, அதைப் பொம்மைக்குக் கொடுத்துத்தான் இனிமேல் சோதிக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். தொழிற்சாலையிலிருந்து முதல் ஆளாக அண்ணியை அனுப்பினார்கள்.

உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில், காமிரா அசைவைப் பிடிப்பதற்கான சின்ன வெள்ளைக் குண்டுகளை ஒட்டுவது என் வேலை. மணிக்கட்டு, தோள், இடுப்பு. இடது முழங்கைக்கு வந்தபோது முதல் குண்டு கோணலாகிவிட்டது, பிய்த்து மறுபடி ஒட்டினேன். அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் கையைத் தூக்கினால் திரையில் சமத்தும் தூக்கியது. நெற்றி முடியை அவள் மணிக்கட்டால் ஒதுக்கினால், ஒரு முடிகூட இல்லாத அதுவும் ஒதுக்கியது. பதிவு சரியாக வருகிறதா என்று பார்க்கப் பழைய மேடையை, குழாயோடு, திரையில் போட்டேன். தட்டிலிருந்து மூடியை எடுப்பதுபோல அண்ணி எட்டினாள். சமத்தின் இடது கை சிவந்தது.

அண்ணி கையை இறக்கவில்லை. திரையையே பார்த்தாள்.

"இவளுக்கு முழங்கை இருக்கா?"

"இருக்கு அண்ணி."

அண்ணி கையை இறக்கினாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "புது மேடையைப் போடு. எங்க நிக்கணும்?" என்றாள்.