மூன்று டம்ளர் கேரட் சாறு

செவ்வாய் காலை

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவே கை கூசுகிறது. போனில் சொல்லிவிடலாம் என்று நேற்று மூன்று முறை கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும் மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்று எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் தங்கை வீட்டில் இருக்கும் உனக்கு அவள் வீட்டுக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீடு ஒழுங்காக இருக்கிறது. உன் வெள்ளைத் துண்டை என் சட்டையோடு ஊறவைத்து நீலமாக்கிவிட்டேன். அது சின்னக் குற்றம்.

நேற்று கடையில் ஒருவர் படுக்கையறைக்கு இளமஞ்சள் பெயிண்ட் கேட்டார். நிற அட்டையை விரித்துக் காட்டினேன். அவர் அட்டையை விட்டுவிட்டு, இந்தக் கலர் நல்லா இருக்கே என்று என் உள்ளங்கையைக் காட்டினார். டப்பா திறந்தபோது ஒட்டியிருக்கும் என்று சோப்பு போட்டேன், தின்னர் போட்டேன். போகவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் காட்டியதும், கேரட் நிறைய சாப்பிடுறீங்களா என்றார். நீ மிச்சம் வைத்த சாற்றை வீணாக்கக் கூடாது என்று தினமும் குடித்தவன் நான்தானே.

அளவு மீறினால் கேரட்டின் நிறமி தோலில் தங்கிவிடுமாம். காமாலை என்றால் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகுமாம். எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காதீங்க என்றார்.

மறைத்துவிட்டேனே. போன வாரம் மஞ்சளாகியிருந்த உன் கையைப் பார்த்து, ஈரலில் கோளாறோ என்று டாக்டர் புற்றுநோய் ஊசியைத் தள்ளிவைத்தார். வேறு ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டார். நீ வாயைத் திறந்தாய். நான் மேசைக்கடியில் உன் காலை மிதித்துவிட்டு, வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர் என்றேன். திட்டுவாரே என்ற பயம். ஐம்பத்தாறு வயசுக்காரனுக்கு!

கேரட்டின் நிறமி புற்றுநோயை எதிர்க்க உதவக்கூடும், ஆராய்ச்சி நடக்கிறது என்றுதான் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். தினம் மூன்று டம்ளர் என்ற கணக்கு என்னுடையது. ஒரு சொட்டு நிறம் கூடினால் சுவரே மாறிவிடும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறவன், உனக்கு மட்டும் அளவு பார்க்கவில்லை. உனக்குக் கேரட் வாசனையே ஆகாது. எனக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாய். உன் ஊசி தள்ளிப்போனது என்னால்தான். சும்மா இருக்கப் பயந்துதான் செய்தேன் என்றாலும், செய்தவன் நான்தான்.

சாற்றை இன்றே நிறுத்து. உன் தங்கையிடமும் சொல்லிவிடு. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நர்சிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கண்ணையும் ரத்தத்தையும் பார்த்த பிறகுதான் ஊசி போடலாமா என்று டாக்டர் சொல்வாராம். நானும் வருகிறேன். அவரிடம் நானே சொல்வேன். அப்போது, நான்தான் கேட்டுக் குடிச்சேன் டாக்டர் என்று வழக்கம்போல் எனக்காகக் குறுக்கே பேசாதே. என் காலையும் மிதிக்காதே.

வெளியே வந்ததும் என்னைத் திட்டு. ஒரே நாளில் தீர்த்துவிடாதே. இன்னும் ரொம்ப வருஷம் இதைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன்னைப் போலவே கை மஞ்சளான
உன் வீட்டுக்காரன்